நாற்பத்தோரு படங்களில் இல்லாத எல்வுட் டாகெட்

எல்வுட் டாகெட் நாற்பத்தோரு படங்களில் நடித்தான். ஒன்றில்கூட அவன் இல்லை. இதைச் சொன்னால் ஆட்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும். அவனை வெட்டி எறிந்தவளே நான்தான், எனக்குத் தெரியாதா?

என் பெயர் ஹெட்டி லார்கின். ஹாலிவுட்டில் சிகமோர் ஸ்டூடியோவில் பத்தொன்பது வருஷம் ஃபிலிம் வெட்டினேன். வெள்ளைக் கையுறை, கத்தரி, பசை, கீழே விளக்கெரிகிற ஒரு கண்ணாடி மேசை, அவ்வளவுதான் என் உலகம். நடிகைகள் வாசலில் காரைவிட்டு இறங்கும்போது கூட்டம் கூச்சல் போடும். நான் பின்பக்கத்து வழியாக முட்டை சாண்ட்விச்சோடு உள்ளே போவேன். ஆனால் யார் திரையில் இருக்க வேண்டும், யார் குப்பைத் தொட்டிக்குப் போக வேண்டும் என்பது கடைசியில் என் கையில்தான் வந்து நிற்கும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்று, முப்பத்திரண்டில் வந்த படங்களைப் பார்த்திருக்கிறீர்களா? புருஷனை விட்டு ஓடுகிறவள் கடைசி வரை சந்தோஷமாக இருப்பாள். திருடன் மாட்டிக்கொள்ள மாட்டான். கதாநாயகிக்குக் குளிப்பதைத் தவிர வேறு வேலையே இருக்காது. தணிக்கை ஆபீஸ் என்று ஒன்று இருந்தது, இதை எடு அதை எடு என்று கடிதம் அனுப்பும். எங்கள் தயாரிப்பாளர் கெல்ப் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார்.

"நாய்க்கு ஒரு எலும்பைப் போட்டுடணும். அது அதைக் கடிச்சுக்கிட்டு இருக்கும்போது கறியை நாம தின்னுடலாம்" என்பார்.

அதாவது, ஒவ்வொரு படத்துக்கும் வேண்டுமென்றே மூன்று காட்சிகள் படுமோசமாக எடுப்போம். கதைக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது. தணிக்கை அதிகாரி டூலன் அதைப் பார்த்துவிட்டு முகம் சிவந்து, "இதையெல்லாம் வெட்டு" என்பார். நாங்கள் கையைப் பிசைந்து, கெஞ்சி, அரைமனதாக ஒப்புக்கொள்வதுபோல நடிப்போம். மனிதர் ஜெயித்த திருப்தியில், எங்களுக்கு வேண்டிய காட்சிகளை விட்டுவிடுவார். ஸ்டூடியோவில் அந்தக் காட்சிகளுக்குப் பெயரே எலும்பு. "நாளைக்குக் காலையில எலும்பு எடுக்கணும், விளக்கு வேணும்" என்று சாதாரணமாகப் பேசிக்கொள்வார்கள்.

எலும்புக்கென்றே இருந்த நடிகன்தான் எல்வுட். இந்த விஷயம் ஸ்டூடியோவில் எல்லோருக்கும் தெரியும், கேட்டில் நிற்கிற காவல்காரன் உட்பட. எல்வுட்டுக்கு மட்டும் தெரியாது. "தெரிஞ்சா நடிப்புல உயிர் போயிடும், டூலன் மோப்பம் பிடிச்சிடுவாரு. யாராவது வாயைத் திறந்தீங்க, வேலை போயிடும்" என்று கெல்ப் எங்களை மிரட்டி வைத்திருந்தார்.

அவனுக்கு அப்படி ஒரு முகம். கெட்ட முகம் இல்லை. ஆனால் சும்மா சாண்ட்விச் தின்றால்கூட அடுத்தவன் பெண்டாட்டியின் சாண்ட்விச்சைத் தின்கிற மாதிரி இருக்கும். அடுத்தவன் படுக்கையறை அலமாரியிலிருந்து நீள உள்ளாடையோடு வெளியே வருவான். மூன்று பெண்கள் குளிக்கிற தொட்டிக்குள்ளிருந்து ஒரு தொப்பி மேலே வரும், தொப்பிக்குக் கீழே எல்வுட் இருப்பான். ஒரு படத்தில் சிறையிலிருந்து தப்பி, கோடு போட்ட உடுப்பும் மார்பில் எண்ணுமாகப் பெண்கள் விடுதிக்குள் குதிப்பான். எல்லாம் என் குப்பைத் தொட்டிக்குத்தான் வந்து சேரும்.

பாவம், தனக்கு நேரம் சரியில்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தான். மத்தியானம் கேன்டீனில் என் எதிரில் வந்து உட்காருவான்.

"இந்தத் தடவையும் போச்சா ஹெட்டி?"

"போச்சுப்பா."

"சே! நல்லா வந்திருந்துச்சே. சரி விடுங்க, அடுத்ததுல பார்க்கலாம்."

சூப்பில் ரொட்டியைத் தோய்த்துக்கொண்டு அவன் இப்படிச் சொல்லும்போது என் சாண்ட்விச்சை அவன் பக்கம் தள்ளிவிடுவேன். நாற்பது தடவை தள்ளியிருக்கிறேன்.

அவனுடைய ஊர் கான்ஸஸில் கிளேபேங்க். அங்கே அவன் அம்மா ஆக்னஸ் இருந்தார். ஒரே பிள்ளை. படம் வரும் என்று இவன் எழுதியதும் அந்த அம்மா ஊரையே கூட்டிக்கொண்டு தியேட்டருக்குப் போவார். பிறகு கடிதம் வரும். அதை எனக்குப் படித்துக் காட்டுவான். "அந்த வீட்டுல ஒரு கதவு திறந்து மூடிச்சே, அதுக்குப் பின்னாடி இருந்தது நீதானா கண்ணு? நீதான்னு எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன்."

முப்பத்துமூன்று கடைசியில் வந்த கடிதம்தான் எல்லாவற்றையும் கெடுத்தது. நாலு வருஷமாக ஊர் ஜனம் ஆளைத் திரையில் தேடித்தேடி அலுத்துப்போயிருந்தது. எல்வுட்டின் கடித உறைகளில் விலாசம் எப்படி இருக்கும் தெரியுமா? 'சி பிளாக், அறை 14.' அவன் தங்கியிருந்த விடுதி அது. தபால்காரர் அதைப் பார்த்துவிட்டு, ஜெயில் விலாசம் மாதிரி இருக்கிறதே என்று நாலு பேரிடம் சொல்லியிருக்கிறார். வதந்தி கிளம்பியதும் இந்த அறிவாளி என்ன செய்தான் என்கிறீர்கள்? தான் நடிகன்தான் என்று நிரூபிக்க ஸ்டூடியோ எடுத்த புகைப்படம் ஒன்றை அம்மாவுக்கு அனுப்பினான். கையில் கிடைத்தது ஒன்றே ஒன்று. கோடு போட்ட உடுப்பு, மார்பில் எண்.

நான் தலையில் அடித்துக்கொண்டேன். "ஏம்ப்பா, உனக்கு மூளைன்னு ஒண்ணு இருக்கா?"

"அதுல நல்லா சிரிச்சிருந்தேன் ஹெட்டி. அதான் அனுப்பினேன்."

ஆக்னஸ் அதைப் பெருமையாக ஊர் முழுக்கக் காட்டியிருக்கிறார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் 'தூர தேசத்தில் சிறைப்பட்டிருக்கும் நம் சகோதரனுக்காக' ஜெபம் செய்தார்கள். சர்ச் விருந்தில் பதினொரு வருஷமாகப் பை மேசையை, அதாவது பழத்தை உள்ளே வைத்துச் சுடுகிற பலகாரத்துக்கான மேசையை, கவனித்துக்கொண்டிருந்தவர் ஆக்னஸ். ஆப்பிள், செர்ரி, பூசணி என்று இருபது பை அடுக்கி, யாருக்கு எவ்வளவு துண்டு என்று அவர்தான் முடிவு செய்வார். கிளேபேங்கில் மேயருக்குக்கூட அந்த மரியாதை கிடையாது. அதைப் பிடுங்கி வேறொருத்தியிடம் கொடுத்துவிட்டார்கள். அந்த அம்மாவைப் பாத்திரம் கழுவுகிற பக்கம் நிறுத்திவிட்டார்கள்.

எல்வுட் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். "ஒரே ஒரு தடவை ஹெட்டி. அஞ்சு செகண்ட் போதும். எங்கம்மா தியேட்டர்ல எழுந்து நின்னு, கையை நீட்டி, அதோ என் பையன்னு சொல்லணும். அதுக்கப்புறம் என்னை வேலையை விட்டுத் தூக்கினாலும் சரி."

வேலை போனால் போகட்டும் என்று உண்மையைப் போட்டு உடைத்துவிட்டேன். எலும்பு, கறி, டூலன், எல்லாவற்றையும்.

கடைசியில் கேட்டான் பாருங்கள்: "அப்ப, நான் நல்லா நடிக்கலையா?"

"அட மண்டு! நல்லா நடிக்கிறதாலதான்யா வெட்டுறாங்க!"

அவன் முகம் கொஞ்சம் தெளிந்தது. அந்த நிமிஷமே ஒரு திட்டம் போட்டான். அசிங்கமாக இருந்தால்தானே வெட்டுவார்கள்? அடுத்த எலும்பை அப்பழுக்கில்லாமல் நடித்துவிட்டால்? அடுத்த வாரம் எடுத்த காட்சியில் அவன் வழக்கம்போல அடுத்தவன் மனைவியின் அறையில், உள்ளாடையோடு. கட்டிலுக்கடியில் நுழைய வேண்டியவன், நுழையவில்லை. கால்சட்டையை ஒழுங்காக மடித்து நாற்காலியில் வைத்தான். அந்தப் பெண்ணைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கட்டில் ஓரம் மண்டியிட்டு, கண்ணை மூடி, மனமுருக ஜெபம் செய்தான். கேமராக்காரனே தொப்பியைக் கழற்றிவிட்டான்.

டூலனிடமிருந்து மூன்று பக்கத்துக்குக் கடிதம் வந்தது. இவ்வளவு காலம் வெறும் ஒழுக்கக்கேடுதான் இருந்தது, இப்போது தெய்வ நிந்தனையும் சேர்ந்துவிட்டது என்று எழுதியிருந்தார். வெட்டினேன்.

முப்பத்துநான்கு ஜூலை பிறந்ததும் விளையாட்டே மாறிப்போனது. இனி தணிக்கை ஆபீஸ் முத்திரை வாங்காத படத்தைத் தியேட்டரில் போட முடியாது என்றார்கள். டூலன் எலும்பையும் தின்றார், கறியையும் தின்றார், தட்டையும் சேர்த்துத் தின்றார். கட்டிய புருஷனும் பெண்டாட்டியும் தனித்தனிக் கட்டிலில் படுத்தார்கள், நடுவில் ஒரு மேசை. முத்தம் கொடுக்கும்போது ஆபீஸிலிருந்து ஒருவர் கடிகாரத்தோடு வந்து நின்றார். ஒரு கிராமத்துப் படத்தில் பசுவின் மடி தெரிகிறது என்று ஆட்சேபம் வர, எங்கள் தையல் பிரிவில் மாட்டுக்குப் பாவாடை தைத்தார்கள். மாடு அதைத் தின்றுவிட்டது. இன்னொன்று தைத்தார்கள்.

எலும்பு எடுப்பதில் இனி பிரயோஜனமில்லை என்றானது. எல்வுட்டுக்கு வேலை இல்லை. கெல்ப் இரக்கப்பட்டு ஒரு கல்யாணக் காட்சியில் அவனைப் போதகராகப் போட்டார். கறுப்பு அங்கி, கையில் பைபிள், ஒரே ஒரு வசனம். இதில் எவன் என்ன குறை காண முடியும் என்று எல்வுட் துள்ளினான். படம் வெளியாகும் முன் போட்டுக் காட்டுகிற ஆட்டத்துக்கு அவனைக் கூட்டிப்போனோம். திரையில் அவன் தலை நிமிர்ந்து, "இந்தத் திருமணத்துக்கு ஆட்சேபம் உள்ளவர்கள்..." என்று ஆரம்பித்தான். அந்த முகத்தோடு அதைச் சொன்னதும் தியேட்டர் கொல்லென்று சிரித்தது. மணமகளை அவனே தள்ளிக்கொண்டு போகப்போகிறான் என்று நினைத்துவிட்டார்கள். போதகர்களைக் கேலிக்குரியவர்களாகக் காட்டக்கூடாது என்பது விதி. வெட்டினேன். எனக்கு வந்த கோபத்தில் கத்தரியைச் சுவரில் விட்டெறிந்தேன். பிறகு நானே போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்தேன்.

இப்படிக் கண்டபடி வெட்டினால் படம் என்ன ஆகும்? ஓட்டை ஓட்டையாக நிற்கும். காதலர்கள் அறைக்குள் போவார்கள். அடுத்த நொடியே விடிந்து, இருவரும் காலை ஆகாரம் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். ஓட்டையை அடைக்க மூடிய கதவைக் காட்டுவோம். ஆனால் வெறும் கதவை எவ்வளவு நேரம் காட்ட முடியும்? அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. நேராகக் கெல்பிடம் போனேன்.

"கதவுக்கு வெளியே ஹோட்டல் வேலைக்காரன் ஒருத்தன் உட்கார்ந்து ஷூ துடைச்சுக்கிட்டு இருக்கட்டும் சார். எல்வுட்டைப் போடலாம்."

"அவனா? சட்டை போட்டிருப்பானா?"

"கழுத்து வரைக்கும் பட்டன் சார்."

"பொம்பளைங்க?"

"கிட்டக்கூட வர மாட்டாங்க. ஷூ மட்டும்தான்."

எடுத்தோம். பதினொரு செகண்ட். டூலன் அந்தத் துண்டை மூன்று தடவை ஓட்டிப் பார்த்தார். நடைவழியில் ஒருவன் உட்கார்ந்து ஷூ துடைக்கிறான். உடம்பில் ஒரு அங்குலம் தெரியவில்லை. வாயைத் திறக்கவில்லை. எதை வெட்டச் சொல்வார்? முத்திரை குத்திக் கொடுத்தார். எல்வுட் வெட்டுமேசைமேல் கவிழ்ந்து அழுதுவிட்டான். அன்றைக்கே அம்மாவுக்குத் தந்தி அடித்தான்.

ஆனால் நான் ஒன்றை யோசிக்கவில்லை. அங்கேதான் கோட்டை விட்டேன். படம் வெளியானதும் பக்கத்துத் தியேட்டரில் போய்ப் பார்த்தேன். காதலர்கள் உள்ளே போகிறார்கள். கதவு மூடுகிறது. எல்வுட் ஷூவைத் துடைக்கிறான். கதவைப் பார்க்கிறான். ஷூவைப் பார்க்கிறான். மெல்ல நாற்காலியை மறுபக்கம் திருப்பிப் போட்டுக்கொள்கிறான். அவ்வளவுதான். சிரிப்பில் தியேட்டர் இடிந்து விழுந்தது. விசில், கூச்சல். ஒரு கிழவர் நாற்காலியிலிருந்து சரிந்தே விழுந்தார். நாங்கள் நாலு வருஷமாகத் தொட்டியிலும் கட்டிலிலும் எடுத்துத் தள்ளியதெல்லாம் இந்த முகத்தில் மொத்தமாகத் தெரிந்தது. உள்ளே என்ன நடக்கிறது என்று ஒவ்வொருவனும் அவனவன் இஷ்டத்துக்கு நினைத்துக்கொண்டான்.

இரண்டே வாரத்தில் ஆபீஸிலிருந்து உத்தரவு வந்தது. 'டாகெட் என்பவரின் முகம் இனி எந்தப் படத்திலும் காட்டப்படலாகாது. முதுகைக் காட்டுவதில் ஆட்சேபமில்லை. ஆனால் அவர் திரும்பிப் பார்க்கக்கூடாது.' கெல்ப் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார். நான் அந்தப் பதினொரு செகண்டையும் எல்லாப் பிரதிகளிலிருந்தும் வெட்டினேன். நான் பத்தொன்பது வருஷம் சினிமாவில் குப்பை கொட்டியிருக்கிறேன், ஒரு மனிதனின் முகத்தையே தடை செய்தது அந்த ஒரு தடவைதான்.

அதற்குள் படம் கிளேபேங்குக்குப் போய்விட்டது. ஆக்னஸின் கடிதம் வந்தது. எல்வுட் அதைப் பிரிக்கப் பயந்து என்னிடம் கொடுத்தான். நான்தான் சத்தமாகப் படித்தேன்.

"கண்ணு எல்வுட், ஊரே வந்திருந்துச்சு. நீ வந்தே. உன்னைப் பார்த்ததும் எல்லாரும் ஒரு மாதிரியா சிரிச்சாங்க. போதகர் பொண்டாட்டி முகத்தைப் பொத்திக்கிட்டு வெளியே போயிட்டா. பக்கத்துல இருந்தவ, ஆக்னஸ், அது எல்வுட்தானேன்னு கேட்டா. நான் எழுந்திரிக்கலாம்னுதான் இருந்தேன் கண்ணு. முடியலை. இல்லைன்னுட்டேன். என் பையன் ஜெயில்ல இருக்கான், அங்க இருந்து எப்படி சினிமாவுக்கு வருவான்னுட்டேன். அவ என்னைக் கட்டிப் பிடிச்சு அழுதா. இவ்வளவு நாள் மனசுல வெச்சு எப்படித் தாங்கினேன்னு கேட்டா. பை மேசையைத் திருப்பிக் குடுத்துட்டாங்க. மறுநாள் மத்தியான ஆட்டத்துக்கு யாருக்கும் தெரியாம போய் ரெண்டு தடவை பார்த்தேன். இளைச்சுப் போயிருக்கே. வேளாவேளைக்குச் சாப்பிடு."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. எல்வுட் அழவில்லை.

"எங்கம்மா என்னைப் பார்த்துட்டாங்க" என்றான்.

"பார்த்துட்டாங்கப்பா."

"இங்க இனி எனக்கு வேலை இல்லை. ஊருக்குப் போகலாம்னா, நான்தான் ஜெயில்ல இருக்கேனே."

என் வாய் சும்மா இருக்குமா? "விடுதலை ஆகிப் போ" என்று சொல்லிவிட்டேன். கேலியாகத்தான் சொன்னேன், சத்தியமாக. அவன் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த வாரமே ரயில் ஏறிவிட்டான்.

ஸ்டேஷனில் அவனை வரவேற்கப் பாதி ஊர் வந்திருந்ததாம். நடிகனாகத் திரும்பியிருந்தால் நாய்கூட வந்திருக்காது. விடுதலையான கைதி என்றதும் ஒரு வாரத்துக்கு வீடு வீடாகச் சாப்பாடு வந்தது. இரும்புச் சாமான் கடையில் வேலை போட்டுக் கொடுத்தார்கள். என்ன குற்றம் செய்தாய் என்று மரியாதைக்கு யாரும் கேட்கவில்லை. ஆனால் எல்லோருக்கும் தெரிந்துகொள்ள ஆசை. கடைசியில் போதகர் அவனைக் கூப்பிட்டு, மனம் திருந்திய கதையைச் சர்ச்சில் சாட்சியாகச் சொல்லச் சொன்னார்.

இவனுக்கு எந்தப் பாவத்தைச் சொல்வதென்று தெரியவில்லை. ஆள் ஒரு கோழியைக்கூடத் திருடியதில்லை. தெரிந்ததைச் சொன்னான்.

முப்பத்தேழில் சிகாகோவுக்குத் தங்கையைப் பார்க்கப் போகிற வழியில் கிளேபேங்கில் இறங்கினேன். ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சில் நிற்க இடமில்லை. பக்கத்து ஊர்களிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். எல்வுட் என்னை அம்மாவிடம் அறிமுகப்படுத்திவிட்டு முன்னால் போனான். ஆக்னஸ் என்னை ஏற இறங்கப் பார்த்தார். குள்ளம், பெரிய கைகள்.

"நீங்கதான் என் பையனை வெட்டினவங்களா?"

"ஆமாம்மா. மன்னிச்சுக்குங்க."

"வேலைன்னா செஞ்சுதானே ஆகணும். உட்காருங்க" என்று தன் பக்கத்தில் இடம் விட்டார்.

எல்வுட் பேச ஆரம்பித்தான். அடுத்தவன் வீட்டு அலமாரிக்குள் ஒளிந்ததைச் சொன்னான். குளியல் தொட்டியைச் சொன்னான், தண்ணீர் எவ்வளவு சூடு என்பது வரை. பெண்கள் விடுதிச் சுவரில் ஏறியதைச் சொல்லும்போது பிரசங்க மேடையின் விளிம்பைப் பிடித்து ஏறியே காட்டினான். பெண்கள் விசிறியை வாயில் வைத்துக்கொண்டு மூச்சுவிடாமல் கேட்டார்கள். போதகரின் மனைவி எழுந்து போகவில்லை. நன்றாக முன்னால் நகர்ந்து உட்கார்ந்துகொண்டாள். பாவம் பெரிதாகப் பெரிதாக 'ஆமென்' சத்தமும் பெரிதானது. எந்த டூலனும் குறுக்கே வரவில்லை. கடைசியில் மன்னிப்புக் கேட்டு மண்டியிட்டான். முழுதாக நாற்பது நிமிஷம். ஒரு வார்த்தை அதிகமில்லை. கட்டடம் முழுக்க அழுதுகொண்டிருந்தது, நானும்தான்.

ஆக்னஸ் மட்டும் அழவில்லை. முதுகை நிமிர்த்தி, மகனை விட்டுக் கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். 'ஆமென்' எல்லாம் அடங்குவதற்குள் என் பக்கம் லேசாகச் சாய்ந்தார். யார் காதிலும் விழாதபடி, என்னிடம் மட்டும் கேட்டார்.

"நல்லா நடிக்கிறான்ல?"

ஆமாம்மா என்றேன்.